மழை கூடினாலும் நிலம் ஏன் வறள்கிறது?

கேள்வி இதுதான்: "பூமி சூடாவதால் வறண்ட நிலங்கள் விரிகின்றன என்கிறார்கள். சூடு கூடினால் கடல்நீர் இன்னும் அதிகமாக ஆவியாகும், மழையும் கூடத்தானே வேண்டும்? போதாததற்கு, செயற்கைக்கோள் படங்களில் பூமி பசுமையாகி வருகிறது என்றும் செய்தி வருகிறது. இதில் எதை நம்புவது?"

மூன்றையும் நம்பலாம். உலக சராசரியில் மழை கூடுகிறது, பல இடங்களில் நிலம் வறள்கிறது, இலைப்பரப்பும் கூடியிருக்கிறது. இவை எப்படி ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வறண்ட நிலம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் கண்முன் வருகின்றன. அதை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு ஊர்களைப் பாருங்கள். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. ராமநாதபுரம் மாவட்டத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று ஒரு அதிகாரி மிரட்டினால் அவர் சொல்வது லண்டனை இல்லை.

ஏன் இப்படி? மழை என்பது வரவு மட்டும். செலவு என்று ஒன்று இருக்கிறது. வெயில், காற்று, சூடு எல்லாம் சேர்ந்து ஒரு நிலத்திலிருந்து எவ்வளவு நீரை உறிஞ்சத் தயாராக இருக்கின்றன என்பதுதான் அந்தச் செலவு. லண்டன் வானத்துக்குத் தாகம் குறைவு. வருகிற 600 மில்லிமீட்டரே ஓரளவு கட்டுப்படியாகிறது. ராமநாதபுரத்து வானம் கேட்பதோ, அங்கே பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

வரவைச் செலவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வறள் குறியீடு என்கிறார்கள். அது 0.65-க்குக் கீழே போனால் வறண்ட நிலம். அதற்குள்ளும் படிகள் உண்டு: 0.5-க்குக் கீழே அரை வறட்சி, 0.2-க்குக் கீழே வறட்சி, 0.05-க்குக் கீழே சகாராவின் நடுப்பகுதி போன்ற அதிவறட்சி. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்கள் பெரும்பாலும் அரை வறட்சியில்தான் வரும். மானாவாரியாகச் சோளமும் கம்பும் போட்டு, கண்மாய் வெட்டி, ஊருணி காத்து வாழ்ந்ததெல்லாம் இந்தக் கணக்குக்குள் வாழ்ந்த வாழ்க்கைதான்.

ஆகவே வறண்ட நிலம் விரிகிறது என்றால் மணல் நடந்து வருகிறது என்று பொருளில்லை. 0.67-ல் இருந்த ஓர் ஊர் 0.63-க்கு இறங்குகிறது. மரங்கள் அங்கேயே நிற்கும், ஆட்களும் அங்கேயே இருப்பார்கள், கோடு மட்டும் அவர்களைத் தாண்டிப் போயிருக்கும். நம் பழைய திணைக் கணக்கில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதற்குப் பெயர் பாலை. இன்றைய வரையறை இதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம்.

கோடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த ஐ.நா. மாநாட்டையொட்டி வந்த அறிக்கை, 2020 வரையிலான 30 ஆண்டுகளை அதற்கு முந்தைய 30 ஆண்டுகளோடு ஒப்பிட்டது. வறண்ட நிலம் ஏறத்தாழ 43 லட்சம் சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. இந்தியாவின் பரப்பே 33 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அண்டார்க்டிகாவை விட்டுவிட்டுப் பார்த்தால், உலக நிலப்பரப்பில் 40.6 சதவீதம் இன்று வறண்ட நிலம். அங்கே 230 கோடிப் பேர் வாழ்கிறார்கள்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சூடு கூடினால் மழை கூடாதா?

கூடும். ஆனால் செலவு அதைவிட வேகமாகக் கூடும். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் ஒரே நாளில் சலசலவென்று காய்கிற வடகம், மார்கழியில் மூன்று நாள் ஆனாலும் நசநசவென்று கிடக்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. உலக மழையோ ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம் வரைதான் கூடுகிறது. நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்குக் கழிக்க வேண்டும், அதற்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. மழை அதனால்தான் 7 சதவீதம் கூடுவதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செய்திகளில் இது அநேகமாக வருவதே இல்லை. நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் நிலத்தின் மேல் வெப்பம் 1.59 டிகிரி கூடியிருந்தது, கடலின் மேல் 0.88 டிகிரி. நிலத்துக்கு மேலிருக்கும் ஈரத்தில் பெரும்பங்கு கடல் அனுப்பியது. கடல் தன் 0.88 டிகிரிக்கு ஏற்றபடி கொஞ்சம் கூடுதலாக அனுப்புகிறது. நிலத்தின் மேலுள்ள காற்றோ 1.59 டிகிரிக்கு ஏற்ற பெரிய குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் கூடினாலும் குடம் அதைவிடப் பெரிதாகிவிட்டதால் குறைகுடமாகவே நிற்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட அது மண்ணையும் செடியையும் உறிஞ்சுகிறது. கடல் நடுவே இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே உறிஞ்ச நீர் தீராது. மழை எங்கே கூடுகிறது என்றும் பாருங்கள்: கணிசமான பகுதி கடலின் மேலேயே பெய்துவிடுகிறது.

அப்புறம் ஒரு சுழல் தொடங்குகிறது. மண்பானையில் நீர் இருக்கும்வரை பானை குளிர்ச்சியாக இருக்கும், காலிப்பானையை வெயிலில் வைத்தால் கை வைக்க முடியாது. நிலமும் அப்படித்தான். ஈரம் இருக்கும்வரை சூரிய வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. ஈரம் தீர்ந்ததும் அத்தனை வெப்பமும் தரையையும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்றுக்குத் தாகம் இன்னும் கூடுகிறது.

மூன்றாவது காரணம் காற்றோட்டம். நிலநடுக்கோட்டில் சூடேறி மேலே போகும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 டிகிரி அட்சரேகைப் பக்கம் காய்ந்த காற்றாகக் கீழே இறங்குகிறது. சகாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி எல்லாம் இந்த இறங்குமுகத்தில் இருப்பவை. இந்தச் சுழற்சி 1980-களிலிருந்து துருவங்களை நோக்கிக் கொஞ்சம் அகன்றிருக்கிறது; தென் கோளத்தில் ஓசோன் ஓட்டைக்கும் இதில் பங்குண்டு. அகலும்போது அடிவாங்குவது அந்தப் பட்டையின் விளிம்பில் உள்ள குளிர்கால மழைப் பகுதிகள்: மத்தியதரைக் கடலோரம், சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. சிலியில் 2010-லிருந்து பத்தாண்டுக்கும் மேல் மழைக்குறைவு நீடித்தது. கேப்டவுன் 2018-ல் குழாய்களை அடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியலில் நான் அதிகம் படித்தது ஆஸ்திரேலியா. கொஞ்சம் அங்கே நிற்கலாம்.

தென் ஆஸ்திரேலியாவில் 1860-களின் நடுவில் கடும் வறட்சி. அரசின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டரிடம், வறட்சி எதுவரை பாதித்திருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார்கள். 1865-ல் அவர் குதிரையேறிப் போனார். நீண்டகால மழைப் பதிவுகள் கையில் இல்லை. செடிகளைப் பார்த்தார். மாலீ என்கிற குட்டை யூக்கலிப்டஸ் புதர்கள் முடிந்து உப்புச்செடிகள் தொடங்கும் இடங்களை இணைத்து ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம், வடக்கே மேய்ச்சல்தான். பின்னாளில் அளந்து பார்த்தபோது, அது ஆண்டுக்கு 250 முதல் 300 மில்லிமீட்டர் மழை பெறும் எல்லையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. மழைமானியில்லாத மனிதர் செடியைப் படித்தே வறள் குறியீட்டைக் கணக்கிட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1870-களில் நல்ல மழை. கோய்டர் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்றொரு நம்பிக்கை அங்கே பரவியது. அரசும் 1874-ல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கோட்டுக்கு வடக்கே கோதுமை விதைத்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்ப வந்தது. கூரையில்லாத அந்தக் கல்வீடுகள் இன்றும் குவோர்ன், கன்யாகா பக்கம் நிற்கின்றன. கன்யாகா என்ற பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர்போல இருக்கிறது, நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் கோடு நிலையாக நிற்கும் என்றுதான் கோய்டரும் எண்ணியிருப்பார். இன்றைய ஆய்வாளர்கள் அது தெற்கே, கடலை நோக்கி நகர்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். இதேபோன்ற ஒரு கோடு அமெரிக்காவிலும் உண்டு. 1878-ல் நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பாவெல் அமெரிக்காவின் ஈரக் கிழக்கையும் வறண்ட மேற்கையும் பிரிக்கும் எல்லையாக 100-ஆம் தீர்க்கரேகையைக் காட்டினார். அந்த எல்லை 1980-க்குப் பிறகு சுமார் 225 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்துவிட்டதாகக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டார்கள்.

இனி கோய்டர் கோட்டிலிருந்து மேற்கே, கண்டத்தின் அடுத்த கரையில் இருக்கும் பெர்த் நகரம். அங்கே மழை குளிர்காலத்தில், அதாவது நம் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில், தென் கடலிலிருந்து வரும் மேகக்கூட்டங்களால் பெய்கிறது. 1970-க்குப் பிறகு அந்தக் கூட்டங்களின் பாதை துருவத்தை நோக்கித் தெற்கே விலகிவிட்டது. மே முதல் ஜூலை வரையான மழை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. குடியேறியவர்கள் கோதுமைக்காகப் பெருமளவு காட்டை அழித்ததும் ஒரு பங்கு காரணம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் கணிசமான பகுதி பசுங்குடில் வாயுக்களின் வேலை என்பதில் அங்கே பெரிய சண்டை இல்லை.

20 சதவீதம்தானே என்று தோன்றும். அணைக்கு வந்த நீரைப் பாருங்கள். 1911 முதல் 1974 வரை பெர்த்தின் அணைகளுக்கு ஆண்டுச் சராசரியாக சுமார் 340 பில்லியன் லிட்டர் வந்தது. நமக்குப் பழக்கமான கணக்கில் 12 டி.எம்.சி. இந்த நூற்றாண்டில் அது 3.5 டி.எம்.சி.க்கும் கீழே போய்விட்டது. மூன்றுக்கும் மேற்பட்ட செம்பரம்பாக்கம் ஏரிகளை நிரப்பிய நீர், இப்போது ஒன்றை நிரப்பக்கூடப் போதாது.

மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு நீர்வரத்து முக்கால் பங்கு எப்படிக் குறைந்தது? மழையின் முதல் பங்கு மண்ணுக்கும் மரத்துக்கும். அவை குடித்து முடித்த மிச்சம்தான் ஓடைக்கு. கணக்குக்காக, 1000 மில்லிமீட்டர் மழையில் 850 அவற்றுக்கு, 150 ஓடைக்கு என்று வையுங்கள். மழை 900 ஆனால் மண் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாது. ஓடைக்கு 50 மிஞ்சும். மழையில் பத்தில் ஒரு பங்கு போனதற்கு ஓடையில் மூன்றில் இரண்டு போய்விட்டது. இதில் வெயில் கூடி மண்ணின் பங்கும் 870 ஆனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். பெர்த்தின் மலைக்காடுகளில் இன்னொன்றும் நடந்தது. நிலத்தடி நீர்மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே இறங்கிவிட்டதால், நல்ல மழையிலும் நீர் ஓடாமல் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை 2006-ல் வந்தது, பிறகு இன்னொன்று. இன்று நகரம் பெரும்பாலும் கடலையும் நிலத்தடி நீரையும் குடித்து வாழ்கிறது.

அவர்கள் அதை வறட்சி என்று சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வறட்சி என்றால் போய்த் திரும்பும். ஐம்பது வருடமாகத் திரும்பாததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நீங்கள் செய்திகளைப் படிக்கும்போதும் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: வறட்சி ஒரு காலம், வறள்தல் நிலத்தின் குணமே மாறுவது.

இந்தப் பிரிவைப் பார்க்கத் தவறியதால் வந்த குழப்பத்துக்கு நல்ல உதாரணம் சகாராவின் தென்விளிம்பில் இருக்கும் சாஹெல். 1968-லிருந்து ஏறக்குறைய இருபது வருடம் அங்கே மழை பொய்த்தது. பெரும் பஞ்சம். 1960-களில் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்த சாட் ஏரி, 1980-களில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. 1975-ல் சூடானில் செய்த ஓர் ஆய்வு, பாலைவனம் 17 வருடத்தில் 90 முதல் 100 கிலோமீட்டர் முன்னேறிவிட்டதாகச் சொன்னது. சகாரா அணிவகுத்து வருகிறது என்ற சித்திரம் அப்போது வந்ததுதான், இன்றுவரை போகவில்லை. பிறகு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே இடங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு தேடினார்கள். அப்படியொரு அணிவகுப்பு இல்லை. ஈரமான வருடத்தின் வரைபடத்தை வறட்சி வருடத்தின் தரையோடு ஒப்பிட்டதால் வந்த வினை அது.

பழியை ஆடு மேய்ப்பவர்கள் மேலும் விறகு வெட்டுபவர்கள் மேலும் போட்டார்கள். மேய்ச்சலால் புல் போய், வெளிறிய மண் வெயிலைத் திருப்பி அனுப்பி, மழையே குறைந்தது என்று 1975-ல் வானிலை அறிஞர் ஜூல் சார்னி ஒரு விளக்கம் தந்தார். அறிவியலாக அது அழகான யோசனைதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் கடல் வெப்பநிலையில் ஏற்பட்ட மாற்றங்களே பெரிய காரணம் என்று காட்டின. ஐரோப்பா, வட அமெரிக்காவின் ஆலைப் புகையில் இருந்த கந்தகத் துகள்கள் வட அட்லாண்டிக்கைக் குளிர்வித்து, மழைப்பட்டையைத் தெற்கே தள்ளியதற்கும் அதில் பங்கு இருந்தது. ஆடு மேய்த்தவன் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு எங்கோ நிலக்கரி எரித்தவனுக்குச் சேர வேண்டியது. எனக்கு இது இன்னும் ஆறாத கோபம். சாஹெலில் மழை 1990-களிலிருந்து ஓரளவு திரும்பியிருக்கிறது, சாட் ஏரியும் ஓரளவு மீண்டிருக்கிறது. ஆனால் பெய்யும் மழை, குறைந்த நாட்களில் அடித்துக் கொட்டுவதாக மாறியிருக்கிறது.

எல்லா வறண்ட நிலத்துக்கும் காலநிலைதான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆரல் கடலை வற்றவைத்தது பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பிய சோவியத் திட்டம். அது வேறு கதை.

இப்போது பசுமை. செயற்கைக்கோள்கள் பார்ப்பது பொய்யில்லை. இலையில் நுண்துளைகள் இருக்கின்றன, அவை வழியாகச் செடி கரியமில வாயுவை எடுக்கிறது, அதே வழியில் நீரை இழக்கிறது. காற்றில் கரியமில வாயு கூடினால் துளைகளைக் குறைவாகத் திறந்தாலே போதும். அதே நீரில் கூடுதல் இலை விடலாம். வெப்பமான வறண்ட பகுதிகளில் 1982 முதல் 2010 வரை இலைப்பரப்பு 11 சதவீதம் கூடியதாக ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2013-ல் காட்டியது. இன்னொரு பங்கு வேறு வகை. நாசா தரவை வைத்து 2019-ல் வந்த ஆய்வின்படி, இந்தியா உலகுக்குத் தந்த கூடுதல் பசுமையில் 82 சதவீதம் பயிர்நிலம். அதாவது பெருமளவு ஆழ்துளைக் கிணறு தந்த பசுமை. மேலிருந்து பார்த்தால் பச்சை, கீழே நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று படம் சொல்லாது.

இங்கே நிபுணர்களுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வறள் குறியீட்டை வைத்து எதிர்காலத்தைக் கணக்கிட்டவர்கள், உமிழ்வு கட்டுக்கடங்காமல் போனால் 2100-ல் நிலப்பரப்பில் 56 சதவீதம் வறண்ட நிலமாகிவிடும் என்று 2016-ல் எழுதினார்கள். 2021-ல் அலெக்சிஸ் பெர்க், கெய்கன் மெக்கால் இருவரும் இதை மறுத்தார்கள். இலைத்துளை சுருங்குவதை அந்தக் குறியீடு கணக்கில் எடுப்பதில்லை. மண்ணீர், ஆற்றுநீர், செடி வளர்ச்சி என்று நேரடியாகப் பார்த்தால் உலக அளவில் விரிவு தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம். 56 சதவீதம் என்ற எண்ணை நான் யாருக்கும் சொல்வதில்லை, அதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அவர்கள் நம்பியதும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் காலநிலை மாதிரிகளையே. 2024 வாக்கில் வந்த இன்னொரு ஆய்வு, 1980-க்குப் பிந்தைய அளவீடுகளை எடுத்து வைத்துப் பார்த்தது. வறண்ட பகுதிகளின் காற்றில் ஈரம் கூடும் என்று மாதிரிகள் சொல்லியிருந்தன. நிஜத்தில் கூடவில்லை. ஆக, குறியீடு வறள்தலைக் கூட்டிச் சொல்கிறது, மாதிரிகள் ஒருவேளை குறைத்துச் சொல்கின்றன. என் முடிவு: எதிர்காலச் சதவீதங்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே அளந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெர்த் அணையின் நீர்வரத்தை எந்த மாதிரியாலும் மாற்ற முடியாது.

இதில் கவலைப்பட வேண்டிய இன்னொன்று, நிலம் சீராக மாறுவதில்லை என்பது. ஸ்பெயினைச் சேர்ந்த மிகுவேல் பெர்துகோவும் கூட்டாளிகளும் 2020-ல் உலகம் முழுக்க உள்ள வறண்ட நிலத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குறியீடு 0.46 அருகே வரும்போது செடிகளின் விளைச்சல் சட்டென்று சரிகிறது. 0.3 அருகே மண்ணின் வளமும் நுண்ணுயிர்களும் குலைகின்றன. 0.2 அருகே செடிகளின் பரப்பும் வகைகளும் ஒரேயடியாகச் சரிகின்றன. இடையில் எவ்வளவோ தாங்கும், படியைத் தாண்டினால் தாங்காது.

"சகாராவே ஒருகாலத்தில் பசுமையாக இருந்ததே, இதெல்லாம் இயற்கை" என்று யாராவது சொல்வார்கள். இருந்தது. ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஏரிகளும் நீர்யானைகளும் இருந்தன, பாறை ஓவியங்கள் சாட்சி. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் கோடை வெயில் கூடிக்குறைந்ததே காரணம். அந்தத் தள்ளாட்டம் ஒரு சுற்று வர இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெர்த்துக்கு ஐம்பது வருடம் போதுமாக இருந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும் கேள்வி: நம் பக்கம்? இந்தியா முழுவதும் ஒரே கதை இல்லை. மேற்கு ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அண்மைப் பத்தாண்டுகளில் மழை கூடியிருக்கிறது. தார் பாலைவனத்தின் ஓரங்கள் பசுமையாகின்றன. இன்னொரு விசித்திரமும் உண்டு. வானிலை நிலையங்களில் ஒரு தட்டில் நீர் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று அளப்பார்கள். 1961 முதல் 1992 வரை, வெப்பம் கூடிய காலத்திலேயே, இந்தியாவில் அந்த ஆவியாதல் குறைந்திருந்தது. தரைக்காற்றின் வேகம் குறைந்தது, புகைமூட்டம் வெயிலை மறைத்தது என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. புகை ஒரு பங்கு காரணம் என்றால், அதைக் குறைக்கும்போது (குறைத்துத்தான் ஆக வேண்டும்) மறைந்திருந்த தாகமும் வெளியே வரும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் ஆழமில்லாதவை, அகலமானவை. பரந்த நீர்ப்பரப்பு வெயிலுக்கு முழுசாகக் காட்டிக்கொண்டு கிடக்கும். வானத்தின் தாகம் கூடினால் முதலில் தெரிவது அங்கேதான். மாவட்ட மழைப் பதிவேட்டில் அதே 800 சொச்சம் இருக்கும், அதைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கண்மாய் நிறைந்து மறுகால் போன நாளிலிருந்து தரை தெரிந்த நாள் வரை எத்தனை நாள், முப்பது வருடத்துக்கு முன்னால் எத்தனை நாள் என்று ஊர்ப் பெரியவர்களிடமும் நீர்பாய்ச்சிகளிடமும் கேட்டுப் பாருங்கள். வண்டல் மேடிட்டதும் வரத்துக்கால் அடைபட்டதும் கருவேலம் மண்டியதும் அதே எண்ணைக் குறைக்கும், அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் நாட்கள் குறைந்திருந்தால், நான் மேலே எழுதிய செலவுக் கணக்கு அதுதான்.